19 நாளில் முடிந்த செப்டம்பர்: 1752-இல் பிரிட்டன் காலண்டருக்கு என்ன ஆனது?

லினக்ஸோ மேக்கோ வைத்திருப்பவர்கள் டெர்மினலைத் திறந்து, மாதக் காலண்டர் காட்டும் cal என்ற கட்டளைக்கு 9, 1752 என்ற இரண்டு எண்களைக் கொடுத்துப் பாருங்கள். முதல் வரிசையில் செவ்வாய் 1, புதன் 2, வியாழன் 14, வெள்ளி 15, சனி 16 என்று வரும். மென்பொருளில் ஏதோ பிழை என்றுதான் முதலில் தோன்றும். பிழை இல்லை. பிரிட்டனில் அந்த மாதத்துக்கு மொத்தமே 19 நாட்கள்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் வேறு சில குழப்பங்களும் தீரும்.

1. பிரிட்டனில் தனிநபர் வருமான வரி ஆண்டு ஏன் ஏப்ரல் 6 என்ற விசித்திரமான நாளில் தொடங்குகிறது?
2. நியூட்டன் பிறந்த நாள் ஒரு புத்தகத்தில் 1642 டிசம்பர் 25 என்றும், இன்னொன்றில் 1643 ஜனவரி 4 என்றும் ஏன் இருக்கிறது?
3. மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649 ஜனவரி 30 அன்று வெட்டப்பட்டது என்று படிக்கிறோம். அன்றைய ஆங்கில ஆவணங்களில் ஏன் 1648 என்று இருக்கிறது?

இவற்றில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, லீப் ஆண்டுக் கணக்கு. மற்றொன்று, புத்தாண்டு எந்த நாளில் பிறக்கிறது என்பது. இரண்டையும் ஒரே சட்டம் சரிசெய்ததால் பல விளக்கங்களில் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. பிரித்தே பார்ப்போம்.

11 நிமிடம் செய்த வேலை

ஜூலியஸ் சீசர் காலத்தில் ஏற்பட்டது ஜூலியன் நாட்காட்டி. அதன் கணக்கில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 6 மணி. அந்த ஆறு மணி நேரத்தைச் சேர்த்துவைத்து நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரி 29 வரும். ஆனால் பருவங்களை ஒட்டிய உண்மையான ஆண்டு, அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. ஒருவருடைய ஆயுளில் இந்த வித்தியாசம் தெரியாது. சுமார் 128 ஆண்டுகள் போனால் ஒரு முழு நாள் பிசகும்.

ஈஸ்டர் திருநாளைக் கணக்கிட, வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள் தேவை. நான்காம் நூற்றாண்டிலிருந்து திருச்சபை அதை மார்ச் 21 என்று வைத்திருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் வானத்தில் அது மார்ச் 11-ஐ ஒட்டியே நிகழ்ந்துவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்ற சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஏட்டில் இருக்கும் கணக்கும் கண்ணுக்குத் தெரியும் வானமும் ஒத்துவரவில்லை.

போப் 13-ஆம் கிரிகோரி 1582-இல் இரண்டு காரியம் செய்தார். அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 ஆக்கி, பத்துத் தேதிகளை நீக்கினார். அப்புறம், அதே பிசகு திரும்ப வராமலிருக்க லீப் விதியையும் திருத்தினார். நூறால் வகுபடும் ஆண்டுகளில், நானூறாலும் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு. 1600 லீப், 1700 இல்லை, 1800 இல்லை, 1900 இல்லை, 2000 லீப். இன்று நம் சுவரில் தொங்குவது இந்தக் கிரிகோரியன் நாட்காட்டிதான்.

இங்கிலாந்து ஏன் 170 ஆண்டுகள் காத்திருந்தது?

சொன்னவர் போப் என்பதால். இங்கிலாந்து அப்போது புராட்டஸ்டண்ட் நாடு, அரியணையில் முதலாம் எலிசபெத். அவருடைய அறிஞர் ஜான் டீ 1583-இல் ஆராய்ந்து, மாற்றம் தேவை என்றே அறிக்கை கொடுத்தார். ஆயர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ரோமிலிருந்து வந்த கணக்கை ஏற்பது ரோமையே ஏற்பதுபோல ஆகிவிடும் என்ற அச்சம். விஷயம் அப்படியே கிடப்பில் போனது.

இதற்கிடையில் 1700 வந்தது. பழைய கணக்கில் அது லீப் ஆண்டு, புதிய கணக்கில் இல்லை. பத்து நாளாக இருந்த இடைவெளி பதினொன்றானது. தள்ளிப்போட்ட கடனுக்கு வட்டி ஏறியது மாதிரி.

இரண்டாவது சிக்கல் புத்தாண்டு. இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் அது, ஆங்கிலத்தில் லேடி டே. ஆக, 1648 டிசம்பர் 31-க்கு மறுநாள் 1648 ஜனவரி 1. அந்த 1648 மார்ச் 24 வரை ஓடும். மன்னர் சார்லஸ் கொல்லப்பட்டது இந்த இடைவெளியில்தான். ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. எல்லையைத் தாண்டினால் தேதி அதே, வருடம் மட்டும் வேறு. படித்தவர்கள் குழப்பத்தைத் தவிர்க்க 1648/9 என்று இரண்டு வருடத்தையும் சேர்த்து எழுதினார்கள்.

இரண்டு தேதிகளோடு வாழ்ந்தது எப்படி?

ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1688-இல் படையோடு நெதர்லாந்திலிருந்து கப்பலேறியது அங்கத்திய கணக்கில் நவம்பர் 11. இங்கிலாந்தின் டார்பே கரையில் இறங்கியது இங்கத்திய கணக்கில் நவம்பர் 5. காகிதத்தை மட்டும் பார்த்தால், கிளம்புவதற்கு ஆறு நாள் முன்பே வந்து சேர்ந்துவிட்டார்.

நம் ஊர்ப் பக்கமும் இதே கதை நடந்தது. 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் புதிய கணக்கு, கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலும் சென்னையிலும் ஆங்கிலேயர்கள் பழைய கணக்கு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் சுமார் 20 கிலோமீட்டர்தான். காலையில் புதுச்சேரியில் எழுதிய கடிதம் மாலையில் கடலூருக்கு வந்தால், பெற்றுக்கொண்டவர் போடும் தேதி எழுதியவர் போட்டதைவிட 11 நாள் பின்தங்கியிருக்கும். 1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்ததை பிரெஞ்சுப் பதிவுகள் செப்டம்பர் 21 என்கின்றன, ஆங்கிலப் பதிவுகள் செப்டம்பர் 10 என்கின்றன. இரண்டும் ஒரே நாள். இந்த இடத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பெரிய உதவி. ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், தேதியும் அவர் குறித்துவைத்திருக்கிறார். இரண்டு கும்பினிகள் இரண்டு தேதி சொல்லும்போது, அட்சய வருடத்துப் புரட்டாசி மூன்றாவது சாட்சியாக நிற்கிறது.

சட்டம் வந்த விதம்

மசோதாவை 1751-இன் தொடக்கத்தில் பிரபுக்கள் சபைக்குக் கொண்டுவந்தவர் செஸ்டர்ஃபீல்டு பிரபு. கணக்கு அவருக்கு வராது. பேச்சு நன்றாக வரும். வானியல் நுணுக்கம் எதுவும் தனக்குப் புரியாது என்பதையும், குரலையும் நடையையும் வைத்தே சபையைக் கவர்ந்ததையும் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கணக்கைப் பார்த்துக்கொண்டவர்கள் மாக்கிள்ஸ்ஃபீல்டு பிரபுவும் வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லியும். சட்ட வாசகத்தை எழுதியவர் பீட்டர் டேவல் என்ற வழக்கறிஞர்.

சட்டம் சொன்னவை, சுருக்கமாக:

1. 1751 டிசம்பர் 31-க்கு மறுநாள் 1752 ஜனவரி 1. இனி ஆண்டு ஜனவரியில்தான் பிறக்கும். மார்ச் 25-இல் பிறந்த 1751, இதனால் 282 நாட்களோடு முடிந்தது.
2. 1752 செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. கிழமை வரிசை கலையாது.
3. இனி லீப் விதி கிரிகோரியன் விதி. ஈஸ்டருக்கும் புதிய அட்டவணை. விடை ரோமோடு ஒத்துப்போகும், வழிமுறை மட்டும் வேறு.
4. மன்னரின் ஆட்சிக்குட்பட்ட ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கப் பகுதிகள் அனைத்துக்கும் இது பொருந்தும்.

நான்காவது விதியால்தான் ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாளும் இரண்டானது. வர்ஜீனியாவில் அவர் பிறந்தபோது எழுதிய தேதி 1731 பிப்ரவரி 11. இன்று சொல்வது 1732 பிப்ரவரி 22. ஒரே மனிதரின் பிறப்பில் இரண்டு மாற்றமும் தெரிகிறது: 11 நாள் கூடியது, வருடமும் ஒன்று கூடியது.

இன்னொரு வேடிக்கை. 1751-இல் நிறைவேறிய இந்தச் சட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் இருப்பது 1750 என்ற ஆண்டு. அக்காலத்தில் ஒரு சட்டத்துக்கு அந்த நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிய நாள்தான் தேதி. கூட்டத்தொடர் தொடங்கியது ஜனவரியில், பழைய கணக்கில் அது 1750. தான் ஒழித்த குழப்பத்தையே பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது சட்டம். 1689-இல் நிறைவேறிய உரிமைச் சாசனம் இன்றும் சட்டப் பட்டியலில் 1688 என்று இருப்பதும் இதே காரணத்தால்.

பணம் யாருக்கு, எந்த நாளில்?

இந்தச் சட்டத்தின் உண்மையான சாமர்த்தியம் வானியலில் இல்லை, குத்தகைப் பணத்தில் இருக்கிறது. வாடகை, குத்தகை, வட்டி எல்லாம் காலாண்டுக் கெடு நாட்களில் கைமாறிய நாடு அது. மார்ச் 25 லேடி டே, ஜூன் 24 நடுக்கோடை, செப்டம்பர் 29 மிக்கேல் அதிதூதர் திருநாள், டிசம்பர் 25 கிறிஸ்துமஸ் ஆகிய நான்கும்தான் கெடு.

ஒரு குடியானவரை நினைத்துப் பாருங்கள். ஜூன் 24-க்கு ஒரு காலாண்டுக் குத்தகை கட்டியாயிற்று. அடுத்த கெடு செப்டம்பர் 29. வழக்கமாக நடுவில் 97 நாள் இருக்கும். 1752-இல் 86 நாள்தான். கதிர் வேகமாக முற்றாது, ஆடு வேகமாகக் கொழுக்காது. ஆனால் பண்ணையாரின் கணக்குப்பிள்ளை 29-ஆம் தேதி கதவைத் தட்டினால்?

டேவல் எழுதிய சட்டம் இதற்கு ஒரு வழி வைத்தது. நாளின் பெயர் வேறு, நாள் வேறு என்று பிரித்தது.

1. பெயரைப் பின்பற்றுபவை: திருச்சபையின் திருநாட்கள், விரதங்கள். கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25 என்ற பெயர் கொண்ட நாளில்தான். இயற்கை நாளாகப் பார்த்தால் 11 நாள் முன்னால் வந்துவிடும்.
2. நாளைப் பின்பற்றுபவை: ஏற்கெனவே எழுதிய ஒப்பந்தங்களின் வாடகை, குத்தகை, வட்டி, கடன் தவணை, சந்தை. சட்டமே வராதிருந்தால் எந்த இயற்கை நாளில் வருமோ, அந்த நாளிலேயே வரும். தேதியின் எண் மட்டும் 11 கூடும்.
3. வயதும் அப்படியே. 21 நிறைந்தால் சொத்து கைக்கு வரும் என்றால், உண்மையிலேயே 21 ஆண்டு வாழ்ந்து முடித்திருக்க வேண்டும். 11 நாள் முன்கூட்டியே கிடைக்காது.

ஆக, குடியானவரின் குத்தகைக் கெடு செப்டம்பர் 29 அல்ல, அக்டோபர் 10. பழைய மிக்கேல் திருநாள் என்று அதற்குப் பெயரும் வந்தது. நாட்டிங்ஹாமின் வாத்துச் சந்தை செப்டம்பர் 21-இல் தொடங்கிவந்தது, அக்டோபர் 2-க்குப் போனது.

அப்படியானால் ஏப்ரல் 6?

அரசின் வரிக் கணக்கும் லேடி டேயை வைத்தே ஓடியது. 1752 மார்ச் 25-இல் ஒரு கணக்கு முடிந்தது என்று கொள்வோம். அடுத்ததை 1753 மார்ச் 25-இல் முடித்தால் நடுவில் 354 நாள்தான். ஒரு முழு ஆண்டு வரியை 354 நாளுக்கு வாங்க முடியாது. 11 நாள் சேர்த்தால் ஏப்ரல் 5. கணக்கு அன்று முடியும், புதியது ஏப்ரல் 6-இல் தொடங்கும்.

இதற்குப் பரவலாக ஒரு மாற்று விளக்கம் சொல்கிறார்கள். வரி ஆண்டு முதலில் ஏப்ரல் 5-இல் தொடங்கியது, 1800-இல் பழைய கணக்கின் லீப் நாள் ஒன்று விடுபட்டதால் இன்னொரு நாள் நகர்ந்து 6 ஆனது என்பது அது. கேட்க அழகாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. பிட் பிரதமராக இருந்து 1799-இல் கொண்டுவந்த முதல் வருமான வரியே ‘ஏப்ரல் 5 முதல்’ என்றுதான் கணக்கை வைத்தது. ஒரு நாள் ‘முதல்’ என்று சட்டத்தில் எழுதினால், அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது ஆங்கிலச் சட்ட வழக்கம். அப்படிப் பார்த்தால் 1800-க்கு முன்பே அது ஏப்ரல் 6-தான். 1800 காரணம் என்றால் 1900-இல் ஏன் ஏப்ரல் 7 ஆகவில்லை என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

பிரிட்டிஷ் அரசு தன் சொந்த வரவுசெலவு ஆண்டை 1854-இல் மார்ச் 31-க்கு நகர்த்திக்கொண்டது. இந்தியாவில் 1867-இல் ஏப்ரல் 1 நிதியாண்டு வந்தது அதோடு ஒத்துப்போகத்தான். தனிநபர் வரி மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. விளைவை லண்டனில் வேலை பார்த்துக்கொண்டு சென்னையில் வைப்புநிதி வைத்திருப்பவர் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார். ஏப்ரல் 3-இல் வரவாகும் வட்டி இந்தியக் கணக்கில் புது ஆண்டு வருமானம், பிரிட்டன் கணக்கில் பழைய ஆண்டு வருமானம். வங்கி கொடுக்கும் ஆண்டுச் சான்றிதழை அப்படியே வைத்து பிரிட்டன் கணக்கைப் போட முடியாது. வரி ஆண்டை மார்ச் 31-க்கு மாற்றலாமா என்று பிரிட்டனில் வரி எளிமையாக்க அலுவலகம் 2021-இல் ஆராய்ந்தது. ஆண்டு மாறவில்லை. அந்த அலுவலகம்தான் பிறகு மூடப்பட்டது.

கலவரம் நடந்ததா?

‘எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு’ என்று மக்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்தார்கள் என்பது பள்ளிப் புத்தகம் வரை போன கதை. வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்த்ததில் அப்படி ஒரு கலவரத்துக்கு நம்பத்தகுந்த சான்று கிடைக்கவில்லை. கதையின் ஊற்றுக்கண் ஓர் ஓவியம்தான். 1754-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் நடந்த தேர்தலைக் கிண்டல் செய்து வில்லியம் ஹோகார்த் வரைந்த தொடரில், ஒரு விருந்துக் காட்சி. கூட்டம், குடி, அடிதடி. தரையில் ஒருவரின் காலடியில் அந்த வாசகம் எழுதிய துணி கிடக்கிறது. லண்டனில் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

தேர்தலில் அது எப்படி வந்தது? விக் கட்சி வேட்பாளர்களில் ஒருவர் மாக்கிள்ஸ்ஃபீல்டு பிரபுவின் மகன். எதிர்த்தரப்பு டோரிகளுக்கு அப்பா செய்த காரியம் வாய்க்கு அவல். தேர்தல் மேடைக் கிண்டலைப் பின்னால் வந்தவர்கள் நடந்த சம்பவமாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்காக மக்கள் மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் இல்லை. பணத்துக்குச் சட்டம் கொடுத்த சலுகை பண்டிகைக்குக் கிடைக்கவில்லையே. பக்கிங்ஹாம்ஷயரில் குவெய்ன்டன் என்ற ஊரில் ஒரு முள்மரம் இருந்தது, கிறிஸ்துமஸ் அன்று பூக்கும் என்பது நம்பிக்கை. 1752 டிசம்பர் 24 இரவு விளக்குகளோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கூடியதாக அக்காலப் பத்திரிகை எழுதியது. மரம் பூக்கவில்லை. அப்படியானால் மறுநாள் கிறிஸ்துமஸ் இல்லை என்று முடிவு கட்டி, பலர் கோயிலுக்கே போகவில்லை. படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த ஊரார் கேட்டது, குத்தகைக்காரருக்கு நாடாளுமன்றம் எழுதிக்கொடுத்த அதே நியாயத்தைத்தான்.

பழைய தேதிகளைப் படிக்க ஒரு கையேடு

1. 1752 செப்டம்பர் 14-க்குப் பிந்திய பிரிட்டிஷ் ஆவணம் என்றால் எதையும் மாற்ற வேண்டாம்.
2. அதற்கு முன் என்றால், புதிய கணக்குக்குக் கொண்டுவர 11 நாள் கூட்டுங்கள். 1700 பிப்ரவரி இறுதிக்கு முந்தியது என்றால் 10 நாள்.
3. ஆங்கில ஆவணத்தில் தேதி ஜனவரி 1-க்கும் மார்ச் 24-க்கும் நடுவில், 1752-க்கு முன் என்றால், வருடத்தைச் சந்தேகப்படுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நியூட்டனின் நினைவுச்சின்னம் அவர் இறந்தது 1726 மார்ச் 20 என்கிறது. நம் கணக்கில் அது 1727 மார்ச் 31.
4. ஸ்காட்லாந்து ஆவணம் என்றால் 1600-க்குப் பிறகு வருடப் பிரச்சினை இல்லை, நாள் பிரச்சினை மட்டும் உண்டு.
5. கிழமை எழுதியிருந்தால் அதை நம்புங்கள். தேதி தாவியது, கிழமை தாவவில்லை.

இன்னும் மாறாத இரண்டு இடங்கள்

ஷெட்லாந்து தீவுகளில் ஃபூலா என்ற சின்னஞ்சிறு தீவில் கிறிஸ்துமஸை ஜனவரி 6-இல் கொண்டாடுகிறார்கள். வேல்ஸில் குவான் பள்ளத்தாக்கில் பழைய புத்தாண்டு ஜனவரி 13. வீடு வீடாகப் போய்ப் பாடும் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் காசும் இனிப்பும். இரண்டிலும் எண்ணிப் பாருங்கள், இடைவெளி 12 நாள். 1752-இல் விட்ட 11, அப்புறம் 1800-இல் விடுபட்ட லீப் நாள் ஒன்று. பழைய கணக்கை அவ்வளவு கறாராகப் பிடித்திருந்தால் 1900-க்கும் ஒரு நாள் கூட்டி, ஜனவரி 7, ஜனவரி 14 என்று ஆகியிருக்க வேண்டும். 1900-இல் அவர்கள் கூட்டவில்லை.